ஆனைக்குட்டத்தில் அக்காளின் வண்டி

சீசன் நேரத்தில் அம்மா விடுப்புக் கேட்டிருக்கிறாள் என்ற செய்தியை அப்பாதான் எனக்குச் சொன்னார். அவர் திருத்தங்கலில் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனியில் மிஷின் ஓட்டுகிறவர். இரைச்சலுக்கு நடுவே நின்று நின்று எதையும் உரக்கச் சொல்லியே பழகியவர். அதை மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னார். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் எங்கள் நாரணாபுரத்தில் யாரும் விடுப்புக் கேட்பதில்லை. நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் என்றால்கூட, தாலி கட்டும் நேரத்துக்குப் போய் முகத்தைக் காட்டிவிட்டுப் பட்டாசுக் கம்பெனிக்குத் திரும்பிவிடுவார்கள். அம்மா ஃபேன்சி ரக வெடிகளுக்கு மருந்து செலுத்துகிற அறையில் வேலை பார்ப்பவள். ஒரு ஆள் குறைந்தால் லோடு நின்றுபோகும் என்று பலமுறை சொல்லியிருக்கிறாள். சொன்னது என்னிடம்தான். நான் பேசப்போகும் ஒவ்வொரு மேடைக்கும் அவளை அழைத்தபோது எனக்குக் கிடைத்த பதில் அது.

"எதுக்காம் லீவு?"

"ஒங்க அக்கா வண்டியோட வர்றாள்ல. சனிக்கெழமை ஆனைக்குட்டம் டேம் கரையில போயித் தங்கப் போறாகளாம். ஒன்னையும் கூட்டிட்டு."

அக்காள் என்றால் என் பெரியம்மாவின் மகள். பெரியம்மா குடும்பம் வெகு காலத்துக்கு முன்பே கோயம்புத்தூர் போய்விட்டது. அக்காள் அங்கே படித்து, அங்கேயே வேலைக்குச் சேர்ந்து, ஒரு வேனை வாங்கி அதற்குள் படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்துக் கட்டி, விடுமுறை கிடைத்தபோதெல்லாம் மலைக்கும் கடற்கரைக்கும் தானே ஓட்டிக்கொண்டு போகிறவள். கேம்பர் வேன் என்று அதற்குப் பெயர். அதன் படங்களை அம்மா தன் கைபேசியில் சேர்த்து வைத்திருந்தாள். என் பரிசுக் கோப்பைகளின் படம் ஒன்றுகூட அதில் இல்லை. கோப்பைகள்தாம் வீட்டிலேயே இருக்கின்றனவே, படம் எதற்கு என்று அவள் கேட்கக்கூடும். நியாயமான வாதம். ஆயினும் எனக்கு வலித்தது.

பள்ளியில் படிக்கும் காலத்திலிருந்தே நான் மேடையில் பேசுகிறவள். மூச்சை எங்கே இழுக்க வேண்டும், எந்தச் சொல்லுக்கு முன்னால் நிறுத்த வேண்டும், எதிரணியின் கூற்றை முதலில் பாராட்டிவிட்டுப் பிறகு எவ்வாறு உடைக்க வேண்டும் என்பதையெல்லாம் முறையாகப் பயின்றவள். விருதுநகர் வட்டாரத்தில் என் குரலுக்குக் கைதட்டாத மண்டபம் குறைவு என்று சொன்னால் அது தற்பெருமை, ஆனால் பொய்யில்லை. அந்தக் கைதட்டல்களில் ஒன்றுகூட என் அம்மாவுடையதன்று.

அந்தச் சனிக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை விருதுநகரில் ஒரு திருமண மண்டபத்தில் எனக்கு இறுதிச் சுற்று. வாழ்வுக்கு நிறைவு தருவது உழைப்பா, ஓய்வா என்பது தலைப்பு. உழைப்பே என்ற அணியை எனக்குக் கொடுத்திருந்தார்கள். ஞாயிறு கம்பெனிக்கும் விடுமுறை. லோடு நிற்கும் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு வாரம் முன்பே அம்மாவைக் கேட்டிருந்தேன்.

"பாப்போம்" என்றாள்.

எங்கள் வீட்டில் 'பாப்போம்' என்றால் என்ன பொருள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. எனக்குக் கிடைக்காத விடுப்பு வேனுக்குக் கிடைத்துவிட்டது. நானும் வருகிறேன் என்று உடனே ஒப்புக்கொண்டேன். ஏரிக்கரையில் தங்கும் ஆசை எனக்கு இல்லை. என்னை விட்டுவிட்டு அந்த இருவரும் எப்படிச் சிரிக்கிறார்கள் என்பதை வீட்டிலிருந்து கற்பனை செய்வதைவிட, நேரில் பார்ப்பது எளிது என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலை வண்டி எங்கள் தெருவுக்குள் நுழைய முடியாமல் முனையிலேயே நின்றது. வெள்ளை வண்டி, பக்கவாட்டில் இழுத்துத் திறக்கும் கதவு, கூரையில் சுருட்டி வைத்த துணிப்பந்தல். தெருவில் இருந்தவர்கள் எல்லாரும் வந்து எட்டிப் பார்த்தார்கள். "இதுக்குள்ளயே கக்கூஸும் இருக்கா தாயி?" என்று ஒருவர் கேட்டார். அக்காள் அலுக்காமல் எல்லாவற்றையும் திறந்து காட்டினாள். நான் ஓரமாக நின்றேன். மாநில அளவில் பரிசு வாங்கித் திரும்பிய நாளில் இதே தெருவில் ஒரு சைக்கிள்கூட நின்று என்னைப் பார்க்கவில்லை.

அம்மா வண்டியில் ஏறும்போது வாசலில் ஒரு கணம் நின்று, செருப்பைக் கழற்றி, உள்ளங்கையை வண்டியின் தகரத்தில் பதித்துவிட்டு ஏறினாள்.

"சித்தி வண்டியைத் தொட்டுக் கும்பிடுறாங்க பாரு!" என்று அக்காள் நெகிழ்ந்துபோனாள்.

அது கும்பிடு அன்று. கம்பெனியில் மருந்து அறைக்குள் நுழையும் முன் வாசலில் பதித்திருக்கும் தாமிரத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் சேர்ந்திருக்கும் மின்சாரம் தரைக்கு இறங்கிவிடும். தினமும் பலமுறை தொட்டுத் தொட்டு அம்மாவின் கை எந்தப் புதிய வாசலைக் கண்டாலும் தானே நீளும். நான் விளக்கிச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா, "ஆமா கண்ணு, நல்லா ஓடட்டும் வண்டி" என்று சொல்லிவிட்டாள். கண்ணு! என்னை அவள் 'ஏட்டி' என்பாள். கோபம் வந்தால் 'ஏட்டி இங்கன வா' என்பாள். கண்ணு என்ற சொல் அவளிடம் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆனைக்குட்டம் நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இருப்பதே எங்கள் பக்கத்தில் ஒரு செய்தி. பெரும்பாலும் வெடித்த தரையும் கருவேலமுமாகக் கிடக்கும். அந்த ஆண்டு முன்கூட்டியே மழை விழுந்து, கரையை ஒட்டிப் பாதி அளவுக்கு நீர் தேங்கி இருந்தது. அக்காள் அதை 'லேக்' என்றாள். அம்மா 'டேம்' என்றாள். அணைக் காவலரின் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில், கெட்டியான செம்மண் மேடாகப் பார்த்து வண்டியை நிறுத்தினார்கள். அக்காள் துணிப்பந்தலை இழுத்து விரித்தாள். மடக்கு நாற்காலிகள் இரண்டைப் போட்டாள்.

இரண்டு நாற்காலி. என்னையும் கூட்டிப்போவதாகச் சொன்னது பேச்சுக்குத்தான் போலும். எனக்குத் தண்ணீர் கேனைக் கவிழ்த்துப் போட்டாள்.

சமையலுக்கு வண்டிக்குள் இருந்த சிறிய கேஸ் அடுப்பை அக்காள் பற்றவைக்கப் போனபோது அம்மா பதறிவிட்டாள்.

"ஏத்தா, அடைச்ச எடத்துக்குள்ள நெருப்பா? அதத் தூக்கி வெளியில வையி. தூரமா."

"ஜன்னல் திறந்திருக்கு சித்தி."

"ஜன்னல் வழியா ஆளு போக முடியுமா?"

அக்காள் மறுபேச்சின்றி அடுப்பையும் சிலிண்டரையும் வெளியே கொண்டுபோய் ஒரு பாறையின் மறைவில் வைத்தாள். அம்மாவின் கட்டளைக்குச் சிரித்துக்கொண்டே கீழ்ப்படிகிற அந்த எளிமை என்னிடம் இல்லை. நானாக இருந்தால் காற்றோட்டம் பற்றி ஒரு விளக்கம் கொடுத்திருப்பேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பாள். அக்காளோ காப்பி போட்டு முதல் டம்ளரை அம்மாவிடம் நீட்டினாள். வடிகட்டி இல்லை, பித்தளை ஃபில்டர் இல்லை. ஒரு கண்ணாடிக் குவளையில் தூளைப் போட்டு மேலிருந்து அழுத்தினால் காப்பி வந்தது. "அம்புட்டுத்தானா?" என்று அம்மா வியந்து வியந்து கேட்டாள். நான் காப்பி போட்டுக் கொடுத்தால், குடித்து முடிக்கும்வரை ஒரு சொல் வராது.

மதியத்துக்கு மேல் அம்மா நீரோரத்தில் போய் உட்கார்ந்தாள். நாற்காலியை அக்காள் அங்கே கொண்டுபோய்ப் போட்டாள். அம்மா கால்களை நீட்டித் தண்ணீருக்குள் விட்டாள். கைகளையும் விட்டு அளைந்தாள். நான் அதுவரை அவள் கால் நீட்டி உட்கார்ந்து பார்த்ததில்லை. வேலையில் நாள் முழுக்கச் சம்மணமிட்டு இருப்பவள், வீட்டிலும் முழங்காலைக் கட்டிக்கொண்டுதான் இருப்பாள். நீட்டிய அந்தக் கால்கள் எனக்கு முன்பின் அறியாத ஒருவருடையவை போல இருந்தன. அந்த ஒருவரை அழைத்து வந்தது நான் அல்ல என்பதைத் திரும்பத் திரும்ப எண்ணினேன்.

கரையில் நடந்துகொண்டே மறுநாள் பேச்சை ஒத்திகை பார்த்தேன். என் உரையின் உச்சி எப்போதும் என் அம்மாவின் விரல்கள்தாம். "அலுமினியத் தூள் ஏறி வெள்ளி பூத்த என் தாயின் விரல்களைக் கேளுங்கள், உழைப்பு என்றால் என்னவென்று அவை சொல்லும்" என்று குரலைத் தாழ்த்தி, ஒரு மூச்சு நிறுத்தி, பிறகு உயர்த்துவேன். எந்த மண்டபமும் அந்த இடத்தில் தவறாமல் கைதட்டும். ஒத்திகைக்காக அதைச் சற்று உரக்கவே சொன்னேன், நீரோரத்தில் இருப்பவருக்குக் கேட்கட்டும் என்று. காற்று எதிர்ப்பக்கமாக வீசியது.

"என்ன அங்க தனியா கூட்டம் நடக்குது?" என்று அக்காள் கூப்பிட்டாள். "இங்க வந்து பேசு. மைக் இல்லாமலே ஊருக்கே கேட்கும் போல."

"வீட்டுலயும் அப்படித்தான்" என்றாள் அம்மா. "கொழம்புல உப்பு கம்மின்னா சும்மா சொல்ல மாட்டா. 'அவையோர்களே'ன்னு ஆரம்பிப்பா."

இருவரும் சிரித்தார்கள். அம்மா நகைச்சுவையாகப் பேசுவாள் என்பதையும் அக்காள்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நான் அந்தக் கேனில் போய் உட்கார்ந்தேன். மூன்று பேர் இருக்கும் இடத்தில் மூன்றாவதாக இருப்பது மேடையில் எனக்கு நேர்ந்ததே இல்லை.

"நாளைக்குக் காலைல எத்தனை மணிக்குப் போகணும்?" என்று அக்காள் கேட்டாள்.

"முதல் பஸ்ஸிலேயே போயிடுவேன். நீங்க ரெண்டு பேரும் இருங்க."

அம்மா ஏதாவது சொல்வாளா என்று காத்திருந்தேன். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பஸ்ஸுக்கு நேரத்தோட போ. ஞாயித்துக்கெழமை கூட்டமா இருக்கும்" என்றாள். அவ்வளவே.

வெயில் இறங்கும் வேளையில் தெற்கே கறுத்தது. தூறல் தொடங்கியதும் நாற்காலிகளை மடக்கி வைத்துவிட்டு மூவரும் வண்டிக்குள் வந்தோம். அக்காள் கதவை இழுத்துச் சாத்தினாள். உள்ளே சின்னச் சின்ன மஞ்சள் விளக்குகளைப் போட்டாள். மடக்கியிருந்த பலகையை விரித்ததும் அது மெத்தையாயிற்று. அம்மா அதில் கையை வைத்து அழுத்திப் பார்த்தாள். "படுத்துப் பாருங்க சித்தி" என்று அக்காள் அவள் தோளைத் தொட்ட அந்த நேரத்தில், வானம் பிளந்தது போல முதல் இடி விழுந்தது.

அடுத்து நடந்ததை நான் நினைத்துச் செய்யவில்லை. கதவை இழுத்தது அம்மாவா நானா என்று இன்றும் தெரியாது. கண் மூடித் திறப்பதற்குள் இருவரும் வெளியே, வண்டியை விட்டு விலகி, வெட்டவெளியில், கொட்டும் மழையில், வெறுங்காலுடன் ஓடிக்கொண்டிருந்தோம்.

பட்டாசு அறையில் முதல் விதி அது. இடி இடித்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே ஓட வேண்டும். எதையும் எடுக்கக் கூடாது. யாரையும் கூப்பிட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. கட்டடத்தை விட்டு விலகி வெறும் தரைக்குப் போய்விட வேண்டும். அம்மா அதை வீட்டுக்கும் கொண்டு வந்திருந்தாள். நான் குழந்தையாக இருந்தபோதே இடி கேட்டால் முற்றத்துக்கு ஓடப் பழகியவள். எங்கள் தெருவில் பல வீடுகளில் மழைநாளில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். உலகமே இடிக்கு உள்ளே ஓடும்போது, நாங்கள் வெளியே ஓடுவோம்.

திரும்பிப் பார்த்தேன். மஞ்சள் வெளிச்சம் தெரியும் கதவு வழியாக அக்காள் தலையை நீட்டி, "எங்க ஓடுறீங்க? உள்ள வாங்க! வண்டிக்குள்ளதான் சேஃப்டி!" என்று கத்தினாள்.

அம்மா அசையவில்லை. புடவை உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. "நீயும் வெளியில வா கண்ணு! வந்துரு!" என்று பதிலுக்குக் கத்தினாள்.

சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அந்தக் கணம் எனக்கு இனித்தது. ஒரே ஓசைக்கு ஒரே திசையில் ஓடிய இருவர் நானும் அம்மாவும். எத்தனை மெத்தை விரித்தாலும் அக்காளால் அந்த ஓட்டத்தில் சேர முடியாது. மழையில் அம்மாவின் அருகே நின்றேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

மின்னல் நீரின் மேல் வெட்டியது. அந்த வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கரையில் எங்களைவிட உயரமாக எதுவும் இல்லை. பக்கத்திலேயே நீர்ப்பரப்பு. இரும்புக் கூடாக ஒரு வண்டி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறது. அக்காள் சொல்வதுதான் சரி.

எதிரணிக்காகப் பேசும் பயிற்சி எங்களுக்கு உண்டு. எந்தப் பக்கத்தைக் கொடுத்தாலும் பேச வேண்டும். ஆனால் பேச விருப்பமில்லாத ஒரு பக்கத்தை, தோற்றுவிட வேண்டும் என்று மனத்துக்குள் வேண்டிக்கொண்டே, வெல்வதற்காகப் பேசியது எனக்கு அந்த ஒரு முறைதான்.

"அம்மா, மின்னலின் தன்மை யாதெனில், உயர்ந்து நிற்கும் பொருளையே அது முதலில்..."

"வீட்டுத் தமிழ்ல சொல்லுட்டி!"

"வண்டிக்குள்ள போயிருவோம்மா. அக்கா சொல்றதுதான் சரி."

"இடி இடிக்கும்போது உள்ள போகச் சொல்றியே, கூறு இருக்கா ஒனக்கு?"

"கம்பெனியில ஏன் வெளிய ஓடுறீக? ரூமுக்குள்ள மருந்து இருக்கு, அதனால. இந்த வண்டிக்குள்ள என்ன மருந்து இருக்கு? பிஸ்கட்டும் காப்பித்தூளும்தான இருக்கு?"

"கேஸு இருக்குல்ல?"

நல்ல மறுப்பு. நடுவராக இருந்தால் மதிப்பெண் போட்டிருப்பேன்.

"அதத்தான் காலையிலயே நீ வெளிய வைக்கச் சொல்லிட்டியே. பாறைக்கு அந்தப் பக்கம் கெடக்கு."

அம்மா பாறைப் பக்கம் பார்த்தாள். மறுபடி மின்னல் வெட்டியது. என் மணிக்கட்டில் அவள் பிடி இறுகியது.

"கம்பெனியில இடிதாங்கி வச்சிருக்காகள்ல? மேல விழுந்தா கம்பி வழியா தரைக்குப் போயிருது. இதுவும் அப்படித்தான். வண்டி மேல விழுந்தாலும் தகரத்தோட போயிரும், நமக்கு வராது. இங்கன நின்னா நம்ம தலைதான் கம்பி."

"கதவு?"

"சாத்தணும். ஆனா பூட்ட மாட்டோம். வாசல் பக்கம் நீதான் உக்காரணும், வேற யாரும் இல்ல."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை ஆண்டுகளில் நான் பேசி முடிக்கும்வரை அவள் என் முகத்தையே பார்த்திருந்தது அன்றுதான். பிறகு குனிந்துகொண்டு இருவரும் ஓடினோம். மழையிலும் அவள் தகரத்தைத் தொட்டுவிட்டே ஏறினாள்.

என் வெற்றியின் பயனை அக்காள் அனுபவித்தாள். துண்டு அவளுடையது. அம்மா மாற்றிக்கொண்ட சுடிதாரும் அவளுடையது. நீல நிறம், கழுத்தில் சிறு பூவேலை. அம்மாவுக்கு அது பொருந்தியது. பொருந்தாமல் போயிருக்கலாம் என்று நினைத்தேன். வாசலோரத்தில் அவள் உட்கார, அக்காள் அவள் தலையைத் துவட்டினாள். மெத்தை நனையக் கூடாது என்று நான் தரையில் இருந்தேன்.

இடி மெல்லத் தொலைவுக்குப் போயிற்று. அம்மா திடீரென்று கேட்டாள்:

"நாளைக்கு நீ பேசப்போற மண்டபத்துல எத்தன வாசல்?"

"ஏன்?"

"சொல்லு."

"முன்னால ஒண்ணு. மேடைக்குப் பக்கத்துல ஒண்ணு."

"அம்புட்டுச் சனத்துக்கும் ரெண்டு வாசலா?" அம்மா தலையை ஆட்டினாள். "எங்களுக்கு ஒரு ரூமுக்கு நாலு ஆளு. நாலு பக்கமும் வாசல் வச்சிருப்பாக. நீங்க என்னடான்னா ஊரையே உள்ள அடைச்சு வச்சுக் கதவச் சாத்திட்டுக் கை தட்டுறீக. ஒன் பள்ளிக்கூடத்து விழாவுக்கு ஒரு தடவ வந்தேன். நாடகத்துக்குன்னு வெளக்க அணைச்சு, கதவையும் சாத்திட்டாக. எனக்குக் காலு உள்ள நிக்கல. எந்திரிச்சு வந்துட்டேன்."

"அதுக்குத்தான் நீ வரவே இல்லையா? லோடு நிக்கும்னு சொன்னதெல்லாம்?"

"லோடும்தான் நிக்கும்."

"இதை என்கிட்ட முன்னாலயே சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னா நீ அதுக்கு ஒரு பதில் பேசுவ. ஒன் பதிலுக்குப் பதில் பேச எனக்கு எங்க வரும்?"

நான் சொல்லத் தகுந்த பதிலைத் தேடிக்கொண்டிருந்தேன்; அதைத் தேடுவதே அவள் சொன்னதை மெய்ப்பிக்கிறது என்பதும் புரிந்தது. அதற்குள் அக்காள் ஈரத் துண்டை மடித்தபடி சாதாரணமாகச் சொன்னாள்:

"மண்டபத்துக்கு வெளிய ஸ்பீக்கர் வச்சிருப்பாங்கல்ல? வண்டியை வாசல்ல நிறுத்திக்கலாம் சித்தி. கதவைத் திறந்து வச்சுக்கிட்டு இங்கேயே உட்கார்ந்து கேளுங்க."

அம்மாவின் முகம் மலர்ந்தது. "அங்கன நிறுத்த விடுவாகளா?"

"கேட்டுப் பார்ப்போம்."

ஒரு துண்டை மடிக்கிற நேரம்! எனக்கு இத்தனை ஆண்டுகள் தோன்றாத ஒன்று அவளுக்கு அந்த நேரத்தில் தோன்றிவிட்டது. நன்றி சொல்ல வேண்டிய இடம் அது. சொன்னேன். என் குரலில் பயிற்சி இருந்ததால் அது நன்றி போலவே ஒலித்தது.

இரவுத் துணைக்கென்று அப்பா ஷிப்ட் முடிந்து பைக்கில் வந்து சேர்ந்தபோது மழை நின்றிருந்தது. கொடிக்கயிற்றில் தொங்கிய புடவையையும் என் ஈரத்தலையையும் பார்த்துவிட்டு, "என்ன, ஆத்தாளும் மகளும் துணியோடவே குளிச்சீகளா?" என்றார். அம்மா எல்லாவற்றையும் சொன்னாள், என் வாதத்தைத் தவிர. சுடிதாரைச் சுட்டிக்காட்டி, "எப்படி இருக்கு?" என்று கேட்டாள். அப்பா பந்தலுக்கடியில் பாயை விரித்தார்.

காலையில் பஸ்ஸுக்குப் போகும் வேலை இல்லாமற்போயிற்று. அப்பா பைக்கில் வீட்டுக்குத் திரும்பினார். அக்காள் வண்டியை ஓட்ட, நான் முன்னிருக்கையில் குறிப்புகளைப் புரட்டியபடி விருதுநகருக்கு வந்தேன். அம்மா காய்ந்த தன் புடவைக்கே மாறியிருந்தாள். அது எனக்குச் சற்று ஆறுதல். மண்டபத்துக்காரரிடம் அக்காள் என்ன பேசினாளோ, மேடைக்குப் பக்கத்து வாசலுக்கு நேர் எதிரே, வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்த இடம் கிடைத்தது. ஒலிபெருக்கியும் அந்தப் பக்கமே இருந்தது.

என் முறை வந்து ஒலிவாங்கியின் முன் நின்றபோது, பக்கவாட்டு வாசல் வழியே வண்டி முழுதாகத் தெரிந்தது. கதவு திறந்திருந்தது. அம்மா வாசலோரத்தில், கால்களை எதிரே ஒரு மடக்கு நாற்காலியின் மேல் நீட்டி, கையில் டம்ளருடன் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அக்காள்.

அவையை மறந்து வாசலைப் பார்த்தே பேசினேன். பயிற்சிக்கு விரோதம் அது. முன்னுரை கச்சிதமாக அமைந்தது. எதிரணியின் ஓய்வு வாதத்தை எடுத்து உடைத்தபோது மண்டபம் ஆரவாரித்தது. அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒலிபெருக்கியின் பக்கம் தலையைச் சாய்த்திருந்தாள். கேட்கிறாள். என் அம்மா கேட்கிறாள். எனக்குள் எதுவோ நிமிர்ந்தது. குரலைத் தாழ்த்தி, "அலுமினியத் தூள் ஏறி வெள்ளி பூத்த என் தாயின் விரல்களைக் கேளுங்கள்" என்றேன். மூச்சை நிறுத்தினேன்.

அந்த நிறுத்தத்தில், அக்காள் அம்மாவின் பக்கம் குனிந்து ஏதோ சொன்னாள். அம்மா கைகளை விரித்துக் காட்டினாள். இருவரும் வெடித்துச் சிரித்தார்கள். அம்மா தலையைப் பின்னால் சாய்த்து, வாய்விட்டு, கால்கள் நாற்காலியில் ஆடும்படி சிரித்தாள்.

மண்டபம் கைதட்டியது. மீதியை எப்படி முடித்தேன் என்று எனக்கு நினைவில்லை. முடித்தேன். நடுவர் என்னைச் சிறந்த பேச்சாளராக அறிவித்தார். கோப்பையை வாங்கிக்கொண்டு, யாருடைய வாழ்த்துக்கும் நிற்காமல், பக்கவாட்டு வாசல் வழியே நேராக வண்டிக்குப் போனேன்.

"கேட்டியாம்மா?"

"எல்லாம் கேட்டுச்சே. தண்ணி மாதிரிப் பேசுன."

"எதுக்கு அந்த இடத்துல சிரிச்சீக?"

அம்மா அக்காளைப் பார்த்தாள். மறுபடியும் சிரிப்பு வந்தது. புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

"நீ என் வெரலப் பத்திச் சொன்னியா. ஒடனே இவ, 'சித்தி, அந்த வெள்ளியை எனக்குக் காட்டுங்க'ன்னா. நானும் விரிச்சுப் பாக்குறேன், ஒண்ணையும் காணோம்! நேத்துப் பூராம் தண்ணிக்குள்ளயே வச்சு அளைஞ்சுக்கிட்டு இருந்தேன்ல. அப்பறம் மழையில வேற நனைஞ்சேனா, எல்லாம் போயிருச்சு. நீ அங்கன மைக்குல வெள்ளி வெள்ளிங்கிற. இங்கன கை சுத்தமா இருக்கு."

கைகளை நீட்டினாள். உண்மைதான். நிறம் வெளுத்த, தோல் காய்ந்த, யாருடையவையாகவும் இருக்கக்கூடிய விரல்கள். நான் கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவற்றைப் பார்த்தேன். பல மேடைகளில் எனக்குக் கைதட்டல் வாங்கித் தந்த வெள்ளி அது. ஒரு பகல் நேரத்தில் அக்காளின் ஏரி கழுவி விட்டிருந்தது.

என் முகம் மாறியதை அம்மா கண்டிருக்க வேண்டும். "நகக்கண்ணுல இன்னும் இருக்கு பாரு" என்று கட்டை விரலை மட்டும் என் கண்ணுக்கு அருகே கொண்டுவந்தாள். "நீ சொன்னது பொய்யில்ல. நாளைக்கு வேலைக்குப் போனா திரும்பவும் ஏறிரும். ஏறு, வீட்டுக்குப் போவோம்."

அக்காள் இறங்கிப் போய் வண்டியைக் கிளப்பினாள். நான் ஏறினேன். வாசலோர இடம் அம்மாவுடையது. அதைக் கேட்க எனக்கு உரிமையில்லை, வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதற்கு அடுத்த இடத்தில் அக்காளின் கைப்பை இருந்தது. அதைத் தூக்கி முன்னிருக்கையில் போட்டுவிட்டு அங்கே உட்கார்ந்தேன்.